இழுத்தால் இறுகும்

மாரிக்கனி லிஃப்டில் வராமல் படியேறி வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் ஜெசிந்தாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆய்வுக்கூடம் இருந்தது மூன்றாவது மாடியில். வாசலில் வந்து நின்றவளின் மணிக்கட்டுப் பட்டை விட்டு விட்டுக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"முதல்ல உக்காரு. பேசாத. மூச்ச மெல்ல விடு."

மாரிக்கனி உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பு மட்டும் போகவில்லை. பட்டை காட்டிய இதயத் துடிப்பு நூறுக்குக் கீழே இறங்கி, கீச்சொலி அடங்கிய பிறகுதான் ஜெசிந்தா தன் நாற்காலியை அவள் எதிரே போட்டு அமர்ந்தாள்.

"சாகணும்னு ஆசையா உனக்கு?"

"நின்னு நின்னுதான் ஏறுனேன் மேடம். லிஃப்ட்ல நின்னா நோயாளி மாதிரி இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "இப்ப ரெண்டு உயிரா இருக்கேன்லா, அதான் இரைக்குது."

ஜெசிந்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்த்துச் சொல்ல வேண்டிய செய்தி. அவளோ மேஜையிலிருந்த மாரிக்கனியின் கோப்பை இழுத்துத் திறந்தாள்.

மாரிக்கனி கோவில்பட்டிக்காரி. அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மாநில அணிக்கு ஹாக்கி ஆடியவள். கணவன் செந்தூர்பாண்டி சின்னதாக ஒரு கொட்டகை போட்டுக் கடலைமிட்டாய் போடுகிறவன். கல்யாணமான வருஷத்திலேயே அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். இரண்டு தடவை வைத்தியம் செய்தும் திரும்பி வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால், திருநெல்வேலிக்கு வெளியே இருந்த இந்த ஆராய்ச்சி மருத்துவமனைக்கு அவளைக் கைத்தாங்கலாகத்தான் கூட்டிவந்தான் செந்தூர்பாண்டி. இங்கேதான் அவளுக்குப் 'பிடி' போட்டார்கள்.

ஜெசிந்தா வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்ல. இயற்பியல் படித்தவள். ஒற்றை ரத்த அணுவை ஒளிக்கற்றையால் பிடித்து, எவ்வளவு விசையில் இழுத்தால் அது விடுகிறது, எவ்வளவில் விடாமல் நிற்கிறது என்று அளப்பது அவள் வேலை. ஊசி போடுவதற்கு முந்தின நாள் மாரிக்கனி அவளிடம் வந்து, "என் உடம்புக்குள்ள என்னத்த விடப் போறீங்கன்னு நீங்களாவது புரியற மாதிரி சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள்.

"உன் ரத்தத்துல இருக்குற வெள்ளணுவுக்கு மேல சின்னச் சின்னக் கை இருக்கு," என்று ஜெசிந்தா சொன்னாள். "எதிர்ல வர்ற செல்ல அது தொட்டுப் பாக்கும். தொட்டாப் போதாது, பிடிச்சு லேசா இழுத்தும் பாக்கும். நம்ம உடம்போட சொந்த செல்லா இருந்தா, இழுத்ததும் பிடி நழுவிரும். கிருமி புகுந்த செல்லா இருந்தா இழுக்க இழுக்க இறுகும், சுருக்கு முடிச்சு மாதிரி. இறுகி நின்னாத்தான் இது எதிரின்னு அதுக்குத் தெரியும். அப்புறம் கொன்னுரும்."

"அப்ப கேன்சரை ஏன் விட்டுருது?"

"கேன்சர் வெளியில இருந்து வந்தது இல்லையே. நம்ம செல்லுதான் கெட்டுப்போயிருக்கு. அதனால பிடி பாதி இறுகி, பாதியில நழுவிருது. நாங்க உன் வெள்ளணுவ எடுத்து, அந்தக் கையக் கொஞ்சம் மாத்தியிருக்கோம். லேசா இழுத்தாலே இறுகிரும்."

"நாங்களும் களத்துல அப்படித்தான் மேடம். தோளால ஒரு இடி இடிச்சுப் பாத்துட்டுத்தான் எதிராளி எப்படின்னு முடிவு பண்ணுவோம்" என்று அன்றைக்கு மாரிக்கனி சிரித்தாள். முடியெல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமாக இருந்த நேரம் அது.

பிடி வேலை செய்தது. டாக்டர்கள் கைவிட்ட நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஊர் ஊராகப் பேச்சானது. அப்புறம், சாத்தூரில் ஒருவர் புறப்பட்டுவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். படியில் கால் வைத்தவர் அப்படியே பின்னால் சாய்ந்து, சாலையிலேயே இறந்துபோனார். அடுத்து, ஓர் இளைஞன் கிரிக்கெட் பார்த்துத் துள்ளிக் குதித்தபோது. அதற்கடுத்து, மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், அழுதுகொண்டிருக்கும்போதே.

காரணத்தைக் கண்டுபிடித்தது ஜெசிந்தாதான். கண்ணாடித் தட்டில் அசையாமல் கிடந்த இதயச் செல்களைப் பிடி அணுக்கள் சீண்டவே இல்லை. அதே செல்களை ரப்பர்த் தகட்டில் வளர்த்து, ஓடுகிற மனிதனின் இதயம் போலத் தகட்டை வேகமாக இழுத்து விட்டபோது அவை வந்து மொய்த்தன. உடம்பில் இந்த வேகத்தில் ஓயாமல் இழுபடுவது இதயம் ஒன்றுதான். வெள்ளணு போட வேண்டிய இழுப்பை இதயமே போட்டுக்கொடுத்தது. மெல்லத் துடித்தால் பிடி நழுவிவிடும். வேகமாகத் துடித்தால் நழுவ வேண்டிய பிடி இறுகிவிடும். அப்புறம் சொந்த இதயமே எதிரி.

பிழைத்திருந்தவர்களுக்கு அதன் பிறகு ஒரே விதி. துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டக் கூடாது. மாத்திரையும் மணிக்கட்டுப் பட்டையும் கொடுத்தார்கள். ஓடக் கூடாது, சுமக்கக் கூடாது, சண்டை போடக் கூடாது, வயிறு குலுங்கச் சிரிக்கக் கூடாது. பிடி அணுக்களை அழித்துவிட ஒரு மருந்து இருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் எல்லோரையும் போல இருக்கலாம், புற்றுநோய் திரும்பி வரும்வரை.

அப்படி அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களில் ஜெசிந்தாவின் தம்பி ரெக்ஸும் ஒருவன். தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவன்.

*

"கலைச்சிடுறதுதான் நல்லது" என்றார் டாக்டர் சத்தியசீலன். பிடி வைத்தியத்தின் தலைவர் அவர். மென்மையான குரல். எதைச் சொன்னாலும் தானும் கூடச் சேர்ந்து வருத்தப்படுவது போலச் சொல்வார். "தாயோட அணுக்கள் நச்சுக்கொடி வழியா கொஞ்சம் கொஞ்சமா குழந்தைக்குள்ள போகும். எல்லாக் கர்ப்பத்துலயும் நடக்குறதுதான். ஆனா உங்க ரத்தத்துல இருக்குறது பிடி. கருவோட இதயம் நிமிஷத்துக்கு நூத்தி ஐம்பது துடிக்கும். அதுக்குப் பட்டை கட்ட முடியாது, மாத்திரை கொடுக்க முடியாது."

செந்தூர்பாண்டி மனைவியைப் பார்த்தான். "எனக்கு அவ இருந்தாப் போதும் டாக்டர்."

"எனக்குப் போதாது" என்றாள் மாரிக்கனி. "அழிக்கிற மருந்தப் போடுங்க. எனக்குள்ள இருக்குறத அழிச்சிட்டா, இனிமே பிள்ளைக்குப் போகாதுல்லா?"

"போகாது. ஆனா ஏற்கெனவே போனத இந்த மருந்தால ஒண்ணும் செய்ய முடியாது. இது நச்சுக்கொடியத் தாண்டாது. உங்களுக்கு நோய் திரும்பும். ஒரு வருஷம், மிஞ்சினா அதுக்கு மேல கொஞ்சம்."

"போடுங்க."

செந்தூர்பாண்டி எழுந்து வெளியே போய்விட்டான். அவன் தாழ்வாரத்துச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. மாரிக்கனி அந்தப் பக்கம் திரும்பவில்லை. பார்த்தால் துடிப்பு ஏறும் என்று அவளுக்குத் தெரியும்.

லிஃப்டில் இறங்கும்போது அவள் ஜெசிந்தாவிடம் மட்டும் சொன்னாள். "பிள்ளைக்காகத்தான்னு எல்லாரும் நினைப்பாங்க மேடம். பாதி அதுக்குத்தான். மீதி எனக்காக. ரெண்டு வருசத்துக்கு மேலா நாற்காலியில உக்காந்து விசில் ஊதுதேன். பிள்ளைங்க கோல் போட்டா கையத் தட்ட முடியல. சாகுறதுக்கு முந்தி ஒரே ஒரு தடவ ஓடணும். இதச் சொன்னா அவரு என்னை மன்னிக்கவே மாட்டாரு."

ஜெசிந்தா அவள் தோளைத் தொட்டாள்.

மருந்து போட்டார்கள். பட்டையைக் கழற்றினார்கள். கர்ப்பிணி என்பதால் ஓட விடவில்லை என்றாலும், தினமும் மைதானத்தைச் சுற்றி வேகமாக நடந்தாள், உரக்கக் கத்தினாள், அழுதாள், சிரித்தாள். ஜெசிந்தா மாதாமாதம் ஸ்கேன் அறையில் போய் நின்றாள். குழந்தையின் இதயம் இப்போது நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது பாட்டுக்குத் துடித்தது.

பெண் குழந்தை. அறுவை செய்து எடுத்தார்கள். நன்றாகக் கத்தியது. செந்தூர்பாண்டி, மருத்துவமனையில் யாரைப் பார்த்தாலும் கடலைமிட்டாய் கொடுத்துக்கொண்டு திரிந்தான்.

தொப்புள்கொடி ரத்தத்தை ஜெசிந்தா தன் கருவியில் வைத்துப் பார்த்தாள். தாயின் பிடி அணுக்கள் குழந்தைக்குள் உயிரோடு இருந்தன. ஒன்றைப் பிடித்து, இதயச் செல்லின் மேல் ஒட்டவைத்து இழுத்தாள். நழுவியது. வேகத்தைக் கூட்டி இழுத்தாள். நழுவியது. புற்றுநோய்ச் செல்லின் மேல் வைத்து இழுத்தாள். இறுகிப் பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அப்படியேதான்.

பிறக்காத குழந்தையின் நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு சல்லடை இருக்கிறது. சொந்த உடம்பைப் பிடிக்கிற அணுக்களை அது சலித்துக் கழித்துவிடும். பெரியவர்களுக்கு அது சுருங்கிப்போயிருக்கும். மாரிக்கனியின் அணுக்கள் ஒன்றொன்றாகக் குழந்தைக்குள் போய், அந்தச் சல்லடையில் விழுந்து, இதயத்தைப் பிடிப்பவை கழிந்து, நல்லவை மட்டும் மிஞ்சியிருந்தன.

ஜெசிந்தா ஓடிப்போய் சத்தியசீலனின் கதவைத் தட்டினாள். அவள் மனசில் முதலில் வந்தது ரெக்ஸின் முகம்.

மாரிக்கனிக்கு நோய் திரும்பியபோது, அந்தக் கொடி ரத்தத்திலிருந்து வளர்த்த அணுக்களை அவளுக்கே ஏற்றினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அவள் ரத்தம் சுத்தமாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை, பள்ளி மைதானத்தில், கையில் ஹாக்கி மட்டையோடு ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை ஓடினாள். ஜெசிந்தா கோட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். ஓடி முடித்து, குனிந்து, முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கியவள் நிமிர்ந்து பார்த்தாள். இறக்கவில்லை. மாணவிகள் எழுப்பிய கூச்சலில் ஜெசிந்தா அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

யாரோ அதைப் படம் பிடித்து வெளியே விட்டார்கள். நாடே பார்த்தது.

*

"கீழ வந்து பாருங்க ஜெசிந்தா" என்றார் சத்தியசீலன். "நான் யாரையும் கூப்பிடல. அவங்களா வந்து நிக்கிறாங்க."

பட்டை கட்டியவர்களின் மனைவிகள், அக்கா தங்கைகள், ஒரு மகள். மாரிக்கனியின் அணு இன்னொருவர் உடம்பில் சேராது; ஆணுக்கோ வயிறு இல்லை. அதனால் அவன் அணுக்களை ஒரு கருவுக்குள் ஊசியால் செலுத்த வேண்டும். கரு அவனுடைய ரத்தமாக இருந்தால்தான் அதன் உடம்பு அவற்றை ஏற்கும். சலித்து வந்ததைக் கொடியிலிருந்து எடுத்து அவனுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது.

முதலில் வந்தவள் ராஜபாளையத்துப் பெண். பட்டை கட்டிய தன் கணவனின் பிள்ளையைச் சுமந்தாள். ஊசி போட்ட சில நாட்கள் கழித்து, கொடியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து வந்து ஜெசிந்தாவிடம் கொடுத்தார்கள். இதயத்தை அணுக்கள் விடுகின்றனவா, பிடிக்கின்றனவா என்று அவள் கருவி ஒன்றுதான் சொல்ல முடியும். பிடித்தன. அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே கருவின் இதயம் நின்றுவிட்டது. இரண்டாமவளுக்கும் அப்படியே ஆனது. போகும்போது அந்தப் பெண், "அடுத்த தடவ எப்ப வரட்டும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை ஜெசிந்தாவால் தாங்க முடியவில்லை. நேரே சத்தியசீலனிடம் போனாள்.

"மாரிக்கனியோட அணுக்கள் கரு உண்டான நாள்லேர்ந்து தானா, கொஞ்சங் கொஞ்சமா போச்சு சார். சல்லடை அதுக்குத் தாங்குச்சு. நாம மொத்தமா ஊசியில தள்ளுறோம். சலிக்கிறதுக்குள்ள அது இதயத்துக்குப் போயிருது."

"அளவக் குறைச்சுப் பாப்போம்."

"ஒவ்வொரு தடவ பாக்குறதும் ஒரு பிள்ளை சார்."

"கருன்னு சொல்லுங்க." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நீங்க கேக்குறது எனக்குப் புரியாம இல்ல. ஆனா அந்தப் பக்கத்துல உயிரோட இருக்குற மனுஷன் இருக்கான். அசையாம, சிரிக்காம, செத்த மாதிரி. அவன் பொண்டாட்டி முழு மனசோட வந்து கேக்குறா. வேண்டாம்னு சொல்ல நான் யாரு? நீங்க யாரு?"

"முழு மனசா? மாமியாரும் மாமனாரும் ரெண்டு பக்கமும் நின்னு கூட்டிட்டு வர்றாங்க. வேண்டாம்னு அந்தப் பொண்ணு எந்த வாயால சொல்லுவா? நாளைக்குப் பணம் இருக்குறவன் வாடகைக்கு வயிறு கொண்டு வருவான்."

"வந்தா நிறுத்திடுவோம்."

அவர் நிறுத்த மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. கெட்டவர் என்பதால் அல்ல. யாராவது அழுதால் அவரால் மறுக்க முடியாது. வாசலில் எல்லோரும் அழுதுகொண்டுதான் நின்றார்கள்.

அந்த வாரம் மாரிக்கனி போன் செய்தாள். "மேடம், வீட்டு வாசல்ல கூட்டமா வந்து நிக்காங்க. என் பிள்ளையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுதாங்க. ஒரு அம்மா அவ காலுக்கு மஞ்சள் பூசிட்டுப் போறாங்க. நான் பிள்ளையத்தான பெத்தேன்? மருந்தாப் பெத்தேன்? எனக்குப் பயமா இருக்கு. வீட்ட மாத்திரலாமான்னு இவரு சொல்லுதாரு."

"மாத்திரு" என்றாள் ஜெசிந்தா.

மறுநாளே வேலையை விட்டாள். தன் கருவியை ஓட்டிப் பலனைச் சொல்ல வேறு யாருக்கும் பழக்கமில்லை, பழக்கவும் ஆண்டுக்கணக்காகும். அதற்குள் இந்தப் பைத்தியம் தணிந்துவிடும் என்று நினைத்தாள். சத்தியசீலன் தடுக்கவில்லை. "போயிட்டு வாங்க. வருவீங்க" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது ஏனென்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

*

ரெக்ஸின் வீடு தூத்துக்குடியில் கடலிலிருந்து தள்ளி, சத்தம் இல்லாத ஒரு தெருவில் இருந்தது. முன்பு இருந்த வீட்டில் கப்பல் சங்கு கேட்கும். கேட்டால் அவன் துடிப்பு ஏறியது. அதனால் மாறி வந்திருந்தார்கள். வீட்டில் டிவி இல்லை. அழைப்பு மணி இல்லை. துக்கச் செய்தியும் நல்ல செய்தியும் இல்லை. அவர்கள் அம்மா இறந்ததையே அவனுக்கு ஒரு மாதம் கழித்துத்தான், தூக்க மாத்திரை கொடுத்து, மெல்ல மெல்லச் சொன்னார்கள்.

அவன் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தான். அக்காவைப் பார்த்ததும் கண் மட்டும் சிரித்தது.

"வாக்கா. சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்."

ரெக்ஸின் மனைவி பிலோமினா ஜெசிந்தாவை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவனுக்கு நோய் வந்து, அன்றிலிருந்து அவனைத் தூக்கிச் சுமப்பவள். எடுத்தெறிந்து பேசத் தெரியாத பெண். கதவைச் சாத்திவிட்டு ஜெசிந்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வேலைய விட்டுட்டதா டாக்டர் சொன்னாரு மதினி. நிசமா?"

"அவரு எதுக்கு உன்கிட்ட பேசுனாரு?"

பிலோமினா, பிடித்திருந்த கைகளில் ஒன்றை எடுத்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள்.

ஜெசிந்தா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"யாரோடது?" என்று கேட்டதும், தான் கேட்டது என்னவென்று அவளுக்கே கூசிப்போனது.

"அவரோடதுதான். மொத மொத கேன்சர் மருந்து ஏத்துறதுக்கு முந்தி, பின்னால பிள்ளைக்குன்னு எடுத்து ஐஸ்ல வச்சிருந்தாங்கள்ல மதினி. அன்னைக்கு அவருக்கு ஒரே காய்ச்சல். எதெதுலயோ கையெழுத்துப் போட்டாரு. இப்ப அவருக்கு அது நெனப்புலயே இல்ல. டாக்டர் போன் பண்ணி, இப்படி ஒரு வழி இருக்கு, யோசிச்சுப் பாருன்னாரு. யோசிக்க என்ன இருக்கு? மதினி அங்க இருக்காங்க, அவங்க பாத்துச் சொல்லுவாங்க, அவங்க தம்பிக்குக் கெடுதல் வர விடுவாங்களான்னுதான் நான் சரின்னேன். அடுத்த வாரம் ஊசி."

"மத்தப் பொண்ணுங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொன்னாரா?"

"சொன்னாரு. இந்தத் தடவ அளவு கம்மியாம்." அவள் குரல் அடங்கிப்போனது. "அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. சந்தோசம் தாங்க மாட்டாரு. அப்புறம் இது எதுக்குன்னு கேப்பாரு, அதையும் தாங்க மாட்டாரு. நல்லபடியா முடிஞ்சா, அவரு உடம்பு சரியானதுக்கு அப்புறம் பிள்ளையவே கொண்டுபோய்க் காட்டிரலாம். இல்லேன்னா..." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இல்லேன்னா அவருக்குத் தெரியவே வேண்டாம் மதினி. நானே பாத்துக்கிடுதேன்."

ஊசி வேண்டாம், பிள்ளையை மட்டும் பெற்றுக்கொள் என்று ஜெசிந்தா சொன்னாள். கெஞ்சினாள். பிலோமினா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அவரு இப்படியே இருக்கதப் பாத்துக்கிட்டு நான் எப்படி மதினி இந்தப் பிள்ளைய வளப்பேன்?" என்றாள். பிறகு தண்ணீர்க் கண்ணோடு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான பாத்துச் சொல்லுவீங்க? அந்த மிஷின்ல வேற யாரையும் விட்டுர மாட்டீங்கள்ல?"

சமயத்தில் பார்த்துச் சொன்னால், கருவின் ரத்தத்தை மாற்றி ஒருவேளை பிள்ளையைக் காப்பாற்றலாம். இரண்டு முறையும் பிந்திவிட்டது. பார்க்க அவள் இல்லாவிட்டால் அந்த 'ஒருவேளை'யும் இல்லை. அதனால்தான் அவர் 'வருவீங்க' என்றார்.

"நான்தான் பாப்பேன்" என்றாள் ஜெசிந்தா.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தம்பிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"பிலோ உன்கிட்ட சொன்னாளாக்கா?"

"என்னத்த?"

"சொல்லியிருக்க மாட்டா." அவன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடல் நிலவரம் படிப்பவன் போலச் சொன்னான். "காலையில பைப்பத் திறந்து விட்டுட்டு வாந்தி எடுக்கா. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நினைக்கா. வருசக்கணக்கா நான் அவளத் தொட்டதே கிடையாது."

ஜெசிந்தாவின் கண் அவன் மணிக்கட்டுப் பட்டைக்குப் போனது.

"மொத நாளு பட்டை கத்த ஆரம்பிச்சிருச்சு. கண்ண மூடிக்கிட்டு, நான் இழுத்துக் கட்டுன கப்பல் பேரெல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லிப் பாத்தேன். அடங்கிருச்சு. இப்பப் பழகிருச்சு. அவ மேல எனக்குக் கோவம் இல்லக்கா. வயசுப் பொண்ணு. எத்தன நாளைக்கு ஒரு பொம்மைய உக்கார வச்சு ஊட்டிவிட்டுக்கிட்டு இருப்பா? எவனா இருந்தாலும் நல்லவனா இருக்கட்டும். எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிராத. பயந்து போயிருவா, பாவம்."

'உன் பிள்ளைதாம்ல அது' என்ற வார்த்தை ஜெசிந்தாவின் தொண்டை வரை வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தை இவன் இதயத்தை எவ்வளவு வேகத்தில் இழுக்கும், எந்த வேகத்தில் பிடி இறுகும் என்று அளந்து சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். சொல்லாவிட்டால் அவன் இப்படியே, இந்த நினைப்போடு, கப்பல் பேர்களைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அடுத்த வாரத்துக்குப் பிறகு சொல்வதற்கு அந்தப் பிள்ளையே இல்லாமலும் போகலாம்.

அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பட்டையில் எண்பத்தெட்டு என்று இருந்தது. அவன் கண்ணை மூடியிருந்தான். உதடு மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. எண்பத்தாறு. எண்பத்தைந்து.

இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.